திண்டுக்கல் சமவெளியில் திருச்சபைகள்: போதனைக்கு நின்ற காவல்

ஆத்தூர் வட்டாரத்து என். பஞ்சம்பட்டி, வக்கம்பட்டி போன்ற ஊர்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கத்தோலிக்கக் குடும்பங்களும், அமெரிக்க மிஷனரிமார் வழியாகத் திண்டுக்கல்லிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உருவாகிப் பின்னர் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்த புராட்டஸ்டண்ட் குடும்பங்களும் ஒரே கிறிஸ்துவை வழிபட்டாலும், அவருடைய போதனை திரிந்துபோகாமல் காப்பதற்கான ஏற்பாடுகளை இரு வேறு மரபுகளிலிருந்து பெற்றவை. முதல் மரபு 1606இல் மதுரையில் தொடங்கிய இயேசு சபையாரின் மிஷனோடு வந்தது. இரண்டாவது, 1834இல் அதே மதுரையில் காலூன்றிய அமெரிக்க மிஷனோடு வந்தது. இவ்விரண்டும் எதைப் பொய்ப் போதனை என்று கண்டன, யாரைக் காவலுக்கு நிறுத்தின, எந்த இடத்தில் காவல் தவறியது என்பனவற்றை இப்பகுதி ஆராய்கிறது.

கிறிஸ்தவ மரபில் பொய்ப் போதனை என்பது வெளியார் சொல்லும் மறுப்பைக் குறிப்பதில்லை. சபைக்குள் நின்றுகொண்டு, சபையின் சொற்களையே எடுத்தாண்டு, அவற்றின் பொருளை மாற்றிக் கற்பிப்பதையே குறிக்கும். பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் அப்படிக் கற்பிப்போரைப் பதிதர் என்று வழங்கின. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகரத்து ஆயர் இரேனியு, உடலையும் உலகையும் இழிவென்று தள்ளி மறைவான ஞானமே மீட்பு தரும் என்று கற்பித்த ஞானவாதிகளை மறுத்து எழுதியபோதே, பிற்காலச் சபைகள் நம்பியிருந்த மூன்று காவல்களும் உருப்பெறத் தொடங்கியிருந்தன. ஞானஸ்நானம் பெறுவோர் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் ஒன்று. சபைகள் பொதுவாக ஏற்ற வேத நூல்களின் தொகுப்பு மற்றொன்று. அப்போஸ்தலர் காலம் முதல் தொடர்ந்துவரும் ஆயர்களின் வரிசை மூன்றாவது. 325இல் நிக்கேயாவில் கூடிய பொதுச்சங்கம், கிறிஸ்து படைக்கப்பட்டவரே என்று கற்பித்த ஆரியுவை மறுத்தபோது இம்மூன்றையும் ஒருங்கே பயன்படுத்தியது.

ஆனால் நிக்கேயாவின் தீர்மானம் ஒரு தமிழ்க் கிராமத்தை எட்டவேண்டுமானால் அது தமிழில் வரவேண்டும். அதைச் சொல்லித்தர அங்கே ஓர் ஆள் இருக்கவேண்டும். இந்த எளிய உண்மையை முதலில் உணர்ந்தவர் முத்துக்குளித்துறையில் பணிசெய்த அன்றீக்கு அன்றீக்கசு என்னும் இயேசு சபைத் துறவி. 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட ஞானோபதேச நூல். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று அது போற்றப்படுகிறது. அந்தச் சிறப்புக்குள்ளே அடங்கிய நோக்கத்தையும் மறக்கலாகாது. கடற்கரைச் சபைகளில் ஊருக்கு ஊர் ஜெபங்களும் போதனையும் மாறிவிடாமல் ஒரே வாசகமாக நிலைப்பதற்கே அது அச்சேறியது.

மதுரைக்கு 1606 நவம்பரில் வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடை, மரக்கறி உணவு, தனிக்குடில் என்று சந்நியாசியின் வாழ்வை மேற்கொண்டு, கிறிஸ்தவராகும் உயர்சாதியார் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் நீராட்டையும் விடவேண்டியதில்லை என்று அனுமதித்தபோது, பொய்ப் போதனை குறித்த முதல் பெரிய வழக்கு அவர்மீதே எழுந்தது. வழக்கை எழுப்பியவர், அவருக்கு முன்பிருந்தே மதுரையில் பரதவர்க்கும் போர்த்துகீசியர்க்கும் குருவாக இருந்த, அவருடைய துறவு சபையையே சேர்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ். புறச்சமயச் சடங்குகளை நொபிலி கிறிஸ்தவத்தில் கலக்கிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. 1619இல் கோவாவில் கூடிய ஆலோசனைச் சபையில் பெரும்பாலோர் நொபிலிக்கு எதிராகவே நின்றனர். எனினும் வழக்கு உரோமைவரை சென்று, 1623 ஜனவரி 31ஆம் நாள் திருத்தந்தை 15ஆம் கிரகோரி, மூடநம்பிக்கையை நீக்கிவிட்டு அவ்வழக்கங்களைச் சமூக ஆசாரங்களாகக் கைக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார்.

வழிபாட்டைச் சேர்ந்தது எது, ஊர் வழக்கத்தைச் சேர்ந்தது எது என்று பிரித்துப் பார்க்கும் இக்கொள்கை நேர்மையானது. அது இல்லாமற்போயிருந்தால் மதுரை நாட்டின் உட்பகுதிகளில் திருச்சபை வேரூன்றியிருக்க முடியாது. ஆனால் அதே கொள்கையின் நிழலில் வேறொன்றும் உள்ளே வந்துவிட்டது. சாதியும் ஊர் வழக்கம் என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டது. உயர்சாதியாரிடம் பிராமண சந்நியாசிகளைப் போல் வாழ்ந்த குருக்களும், பிற சாதியாரிடம் 1640 முதல் பண்டாரசுவாமிகள் எனப்பட்ட குருக்களும் தனித்தனியே சென்றனர். ஞானஸ்நானத்தில் எல்லாரும் ஓருடல் ஆகிறார்கள் என்ற போதனையைப் பிறப்பின் ஏற்றத்தாழ்வு மறுக்கிறதா என்ற கேள்வி, போதனையைக் காத்தவர்களின் விசாரணைக்கு வராமலே ஒதுக்கப்பட்டது.

அந்தக் கேள்வியை ஓரளவு எழுப்பியவர் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன். 1704 ஜூனில் அவர் வெளியிட்ட ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, மஞ்சள் தோய்த்த நூற்றெட்டு இழைச் சரடு முதலிய பலவற்றைத் தடைசெய்ததோடு, பறையர் வீடுகளில் நோயுற்றுக் கிடப்போரிடம் குருக்கள் நேரில் சென்று அருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்றும் கட்டளையிட்டது. மலபார்ச் சடங்கு விவகாரம் என்று வரலாற்றில் பெயர்பெற்ற இச்சர்ச்சை நாற்பது ஆண்டுகள் நீடித்து, 1744 செப்டம்பரில் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பரின் ஆணையோடு முடிந்தது. சடங்குத் தடைகள் உறுதிசெய்யப்பட்டன. தாழ்த்தப்பட்டோரிடம் பணிசெய்வதற்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கும் இயேசு சபையாரின் ஏற்பாடோ ஏற்றுக்கொள்ளப்பட்டது. சரடுக்கும் தாலிக்கும் தடை வந்த அதே ஆணையில் மனிதரைப் பிரிக்கும் வேலிக்கு இடம் கிடைத்தது என்பதை வருத்தத்தோடுதான் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அச்சடங்குகளை அனுமதிப்பதில்லை என்று மிஷனரிகள் செய்யவேண்டியிருந்த சத்தியம் 1940இல்தான் நீக்கப்பட்டது.

உரோமையிலும் கோவாவிலும் இவ்வாறு வாதங்கள் நடந்த காலத்தில் சிற்றூர்களின் நாளாந்தக் காவல் வேறு கைகளில் இருந்தது. குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ வந்துபோன காலம் அது. எஞ்சிய நாள்களில் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி ஜெபம் சொல்வித்தவரும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தவரும், சாகுந்தறுவாயில் இருப்பவர்க்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று விசாரித்துக் குருவுக்கு அறிவித்தவரும் வேதியர், அதாவது உபதேசியார். ஒரு சபையின் விசுவாசம் நேராக இருப்பதும் கோணுவதும் பெரும்பாலும் இவர் நாவிலேயே இருந்தது. வீரமாமுனிவர் என்று தமிழுலகம் அறிந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை எழுதியது இதை அறிந்ததனாலேயே. தேம்பாவணியைப் பாடியவர், சதுரகராதியைத் தொகுத்தவர் என்று அவரைப் போற்றுவோர் இந்நூலை அதிகம் நினைப்பதில்லை. திருச்சபை வரலாற்று நோக்கில் இது அவற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று. கற்பிப்பவரின் வாழ்வு கெட்டால் கற்பிக்கப்படுவதும் கெடும் என்ற உறுதி இதன் அடியில் ஓடுகிறது.

அந்த ஆண்டுகளில் இப்படி எழுதவேண்டிய தேவை தரங்கம்பாடியிலிருந்து வந்தது. 1706 ஜூலை 9ஆம் நாள் டென்மார்க் அரசரின் ஆதரவில் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் லூதரன் மரபினர். மனிதன் தன் செயல்களால் அன்று, விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறான் என்பதும், சபையின் மரபுக்கும் மேலான அளவுகோல் வேதாகமமே என்பதும் அம்மரபின் அடிப்படைகள். சீகன்பால்க் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714 முதல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாயிற்று. அவர் 1719இல் மறைந்தபின் பழைய ஏற்பாட்டு வேலையை ஷூல்ட்சே தொடர்ந்தார். அச்சுப் புத்தகம் மிஷனரி கால்வைக்க முடியாத ஊர்களுக்கும் சென்றது. தஞ்சை மன்னரின் படையில் சேவைக்காரராக இருந்த கத்தோலிக்கரான இராஜநாயக்கன் அப்படியொரு நூல் கைக்குக் கிடைத்து அதை வாசித்தே 1720களின் இறுதியில் லூதரன் சபையில் சேர்ந்து, அதன் உபதேசியாரானார்.

பெஸ்கியின் கண்ணில் இது வெறும் ஆள் இழப்பாகப் படவில்லை. ஆத்தும நாசமாகவே பட்டது. 1728இல் அவர் எழுதிய ‘வேத விளக்கம்’ கத்தோலிக்கப் போதனையை லூதரன் மறுப்புகளுக்கு எதிராக விளக்கியது. அவர்கள் தரப்பிலிருந்து ‘திருச்சபை பேதகம்’ வந்தபோது ‘பேதகமறுத்தல்’ எழுதினார். ‘லுத்தேரினத்தியல்பு’ என்ற சிறுநூலையும் எழுதினார். இவற்றின் நடை சில இடங்களில் சுடும். எதிர்த்தரப்பினரும் உரோமைச் சபையைக் குறித்து மென்மையாக எழுதியவர்கள் அல்லர். தரங்கம்பாடியாரிடம் அச்சகம் இருந்தது. மதுரை மிஷனிடம் அது இல்லாததால் பெஸ்கியின் நூல்கள் ஓலையிலும் தாளிலும் படியெடுக்கப்பட்டே உபதேசியார்களிடம் சென்றன. ஐரோப்பாவில் இலத்தீனிலும் ஜெர்மனிலும் இரு நூற்றாண்டுகளாக நடந்துவந்த வாதம், காவிரிச் சமவெளியின் உழவரும் நெசவாளரும் கேட்டு விளங்கிக்கொள்ளும் தமிழில் நடைபெற்றது என்பது, யார் வென்றார் என்ற கேள்வியைக் காட்டிலும் பெரிய செய்தி. தமிழ் உரைநடை தர்க்கத்துக்குப் பழகிய களங்களுள் இதுவும் ஒன்று.

ஆயினும் இரு தரப்பும் ஒன்றையொன்று இவ்வளவு கூர்ந்து கண்காணித்தபோது, இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஒரு பிழையை இரண்டும் கண்டுகொள்ளவில்லை. 1718இல் தரங்கம்பாடியில் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிவாரியாகவே இருக்கைகள் இருந்தன. 1733 டிசம்பரில் ஆரோன் முதல் இந்தியப் புராட்டஸ்டண்ட் குருவாக அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். அடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தபோது, உழைப்பிலும் தகுதியிலும் குறைவில்லாத இராஜநாயக்கன், பறையர் கையால் பிறர் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற காரணத்தால் விலக்கப்பட்டு, 1741இல் தியோகு குருவாக்கப்பட்டார். வேதாகமமே மேலான அளவுகோல் என்று கற்பித்த சபை, தன் போதனைக்காக உறவையும் உத்தியோகத்தையும் பணயம் வைத்த ஒருவரை வேதாகமத்தில் எங்குமில்லாத ஓர் அளவுகோலால் அளந்தது.

1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தபின் மதுரை நாட்டுக் கத்தோலிக்க ஊர்கள் நெடுங்காலம் போதிய குருக்களின்றி இருந்தன. ஹைதர் அலியும் ஆங்கிலேயக் கம்பெனியாரும் திண்டுக்கல் கோட்டைக்காக மாறி மாறிப் போரிட்ட காலமும் அதுவே. அந்தப் பல்லாண்டு இடைவெளியில் விசுவாசத்தைத் தாங்கியவை மனப்பாடமாக இருந்த ஜெபங்களும், உபதேசியார்களும், மாதா திருவிழாக்களும், தவக்காலப் பாடல்களுமே. 1838இல் புதிய மதுரை மிஷனாக இயேசு சபையார் திரும்பிவந்தபோது அவர்கள் எதிர்கொண்ட சண்டை விசுவாசத்தைப் பற்றியதன்று. போர்த்துகல் அரசின் ஞானாதிக்க உரிமையின்கீழ் கோவாவிலிருந்து வந்த குருக்களுக்கும் உரோமையின் நேரடி ஆளுகையில் வந்தவர்களுக்கும் இடையே கோயில்களை யார் வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியது. பல ஊர்கள் இதனால் இரண்டுபட்டன.

இதற்குச் சற்று முன், 1834இல், யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த அமெரிக்க மிஷனிலிருந்து லேவி ஸ்பால்டிங் முதலியோர் மதுரைக்கு வந்தனர். மறு ஆண்டே திண்டுக்கல் அவர்களுடைய நிலையமாயிற்று. இவர்கள் கொங்கிரிகேஷனல் மரபினர், அதாவது ஆயர் என்ற பதவியே இல்லாமல் ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளவேண்டும் என்று கொண்டவர்கள். ஆயர் வரிசை இல்லாத இடத்தில் போதனையை எதைக்கொண்டு காப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த விடை மூவகைப்பட்டது. உறுப்பினராக விரும்புவோரைச் சபை முன்பாக வினவி அவருடைய அறிவையும் நடத்தையையும் சோதித்தபின்பே உடன்படிக்கை எடுக்கச்செய்தனர். தவறியவரைச் சபையின் தீர்மானத்தால் நற்கருணையிலிருந்து விலக்கிவைத்தனர். உபதேசியார்களைப் பயிற்றுவிக்க 1842இல் திருமங்கலத்தில் செமினரி தொடங்கி, 1845இல் அதைப் பசுமலைக்குக் கொண்டுவந்தனர். அப்பயிற்சி மரபு, 1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரிவரை வேறுவேறு வடிவங்களில் தொடர்ந்திருக்கிறது.

இந்த மிஷன்தான் 1847இல், அதுவரை தமிழ்ச் சபைகள் ஊர் வழக்கம் என்று ஒதுக்கிவைத்ததைப் போதனையின் கேள்வியாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னோட்டமாக, கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன் 1833 ஜூலையில் எழுதிய சுற்றுமடலில், சபைகளுக்குள் சாதிவேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார். அதனால் சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபைகள் பிளவுபட்டன. கீர்த்தனைகளால் தமிழ்க் கிறிஸ்தவத்தை வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியார்கூட அந்த மாற்றத்தை எதிர்த்தே நின்றார். அமெரிக்க மதுரை மிஷனோ கட்டளையோடு நிற்கவில்லை. சாதி, விட்டுவந்த சமயத்தின் இன்றியமையாத பகுதி என்றும், போதனை பெற்றபின்னும் அதைக் கைவிடாதவரிடம் மெய்யான பக்திக்குச் சான்று இல்லை என்றும் தீர்மானித்து, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை எல்லாரும் உடனிருந்து உண்ணும் அன்பின் விருந்தைச் சோதனையாக வைத்தது. திண்டுக்கல் உள்ளிட்ட நிலையங்களில் உபதேசியார்களும் உறுப்பினர்களும் பெருந்தொகையாக விலக்கப்பட்டனர். பசுமலை மாணவர்களும் வெளியேறினர். சிலர் பின்னர் இணங்கித் திரும்பினர், திரும்பாதவரும் உண்டு. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இதே நிலையை ஏற்றபோதும், லைப்சிக் லூதரன் மிஷனார் உடன்படாமல், பொறுமையாகக் கற்பித்தே மாற்றவேண்டும் என்று விலகி நின்றனர்.

1847ஆம் ஆண்டு நடவடிக்கையில் குறை இல்லாமல் இல்லை. தலைமுறைகளாக வேரோடிய ஒன்றை ஒரு பந்தியில் அறுத்துவிட முடியும் என்று எண்ணியது அவசரம். சோதித்தவர்கள் அந்நியர், சோதிக்கப்பட்டவர்களோ அவர்களிடம் சம்பளம் வாங்கியவர்கள் என்பதால், இணங்கியவர் மனத்தால் இணங்கினாரா பிழைப்புக்காக இணங்கினாரா என்று பிரித்தறிவதும் கடினம். இவ்வளவும் உண்மையே. என்றாலும் இந்தச் சமவெளியின் திருச்சபை வரலாற்றில், காவலர்கள் சரியான வாசலில் நின்ற நாள் எது என்று கேட்டால் இந்த ஆண்டைத்தான் சுட்டவேண்டும். தன் சொந்த ஊழியர்களில் பலரை இழக்கும் அளவுக்கு ஒரு சபை போதனையைப் பொருட்படுத்தியது என்பது எளிய செயலன்று.

காவல் அதிகாரமாக மட்டும் சுருங்கினால் என்ன நேரும் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமை சான்று தருகிறது. சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் மிஷன் கல்வி பெற்று நாசரேத்தில் பணியாற்றியவர். அங்கிருந்த ஐரோப்பிய குருவானவரோடு ஏற்பட்ட பிணக்கும், நாடார் மக்களைத் தாழ்த்திப் பேசுவதாக மனங்களைப் புண்படுத்திய மிஷனரி கால்டுவெல்லின் 1849ஆம் ஆண்டு நூலும் சேர்ந்து அவரை வெளியேறச் செய்தன. 1857இல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையை நிறுவிய அவர், சனிக்கிழமை ஓய்வுநாளையும் பழைய ஏற்பாட்டு நியமங்கள் பலவற்றையும் மீட்டு, வெள்ளையர் ஊழியமும் உதவியும் வேண்டாம் என்று ஒதுக்கினார். மிஷனின் பார்வையில் அது போதனைப் பிறழ்வு. பிரகாசபுரத்தாரின் பார்வையில், வேதத்தைத் தாமே வாசித்து எடுத்த முடிவு. திருவிதாங்கூரில் 1875இல், கிறிஸ்துவின் இரண்டாம் வருகை 1881இல் நிகழும் என்று அறிவித்த ஜஸ்டஸ் ஜோசப் என்னும் குருவானவரின் யுயோமயம் இயக்கம் வேறு வகை. அங்கே புண்பட்ட மானம் இல்லை, எழுப்புதலின் உற்சாகமே இருந்தது. குறித்த நாள் கடந்துபோனபின்னும் ஒரு கூட்டத்தார் அதிலேயே நிலைத்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் இரு மரபுகளின் காவலும் ஒன்றையொன்று நெருங்கின. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்த அமெரிக்க மதுரை மிஷன் சபைகள், 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பேராயர் பதவியை ஏற்றுக்கொண்டன. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் இணைந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. பெஸ்கியும் தரங்கம்பாடியாரும் நூல் நூலாக மோதிக்கொண்ட நீதிமானாக்கப்படுதல் குறித்த அடிப்படை உண்மைகளில் தங்களிடையே இசைவு உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூதரன் பேரவையும் 1999 அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. ஊர்ச் சபைகளின் இன்றைய கவலை வேறு: ஜெபித்தால் செல்வமும் சுகமும் தவறாது வரும் என்னும் செழிப்புப் போதனையும், யாருடைய மேற்பார்வையிலும் நில்லாத பேச்சாளர்களும் கைப்பேசி வழியே வீடுகளுக்குள் வந்துவிட்டனர். அதற்கு மாற்றாக நிற்பது இன்றும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் ஓய்வுநாள் பள்ளியும்தான்.

சாதியின் கணக்கு மட்டும் தீரவில்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் இரு கிளைகளாகக் கட்டப்பட்ட கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, அதை மீட்கக் கோரியவர்கள் நீதிமன்றம்வரை சென்றனர். சென்னை உயர்நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்க மறுத்தது. மரபுச் சுவரைக் காக்க வழக்காடியவர்களை எந்தச் சபையும் பதிதர் என்று அழைத்ததில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரித்துத் திண்டுக்கல் மறைமாவட்டம் நிறுவப்பட்டது 2003 நவம்பர் 10ஆம் நாள். அதற்கு ஏழு நாள் கழித்து, நவம்பர் 17ஆம் நாள், சென்னை, மதுரை, புதுச்சேரி மறைமாநிலங்களின் ஆயர்கள் தம்மைச் சந்தித்தபோது, கிறிஸ்தவர்களிடையே சாதி அடிப்படையிலான எந்தப் பாகுபாடும் திருச்சபையின் நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை என்று திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் எடுத்துரைத்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பாவம் என்று அறிவித்தது.